கட்டி முடியாத சுவர்: பச்சைப் பிள்ளையின் தோல் பற்றி

போன பங்குனியில் என் தங்கச்சிக்குப் பிள்ளை கிடைத்தது. வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில், நாலாம் மாடியில் அவர்கள் வீடு. பத்தாம் நாள் நான் போனபோது கட்டிலுக்குப் பக்கத்து மேசையில் சாமான்கள் வரிசையாக நின்றன. எண்ணிப் பார்த்தேன். பேபி சவர்க்காரம் நாலு, பவுடர் மூன்று, கொலோன் மூன்று, கிரீம் இரண்டு, எண்ணெய் இரண்டு. எல்லாம் பிள்ளை பார்க்க வந்தவர்கள் அன்போடு கொண்டுவந்தவை. பிள்ளை தொப்பி, கையுறை, மேஸ் எல்லாம் போட்டு, துவாயில் சுற்றப்பட்டுக் கிடந்தது. துவாயை விலக்கினால் கழுத்து மடிப்பில் சின்னச் சின்னச் சிவப்புப் பருக்கள்.

"இதில எதை அக்கா பூசுறது?" என்று கேட்டாள் தங்கச்சி.

பம்பலப்பிட்டியில் ஒரு பாமசியில் 12 வருஷம் கவுண்டரில் நின்றவள் நான். இதே கேள்வியை எத்தனையோ இளம் தாய்மார் கேட்டிருக்கிறார்கள். அங்கே நின்று விளக்க நேரம் இருந்ததில்லை, பின்னால் வரிசை நிற்கும். அன்றைக்குத் தங்கச்சிக்கு ஆறுதலாக இருந்து சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன். எதைப் பூசுவது என்று கேட்பதற்கு முன்னால், பிள்ளையின் தோல் என்றால் என்ன, அது என்ன வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கேள்விகள் தாமாகவே போய்விடும்.

கல்லும் சாந்தும்

தோலின் ஆக மேலே இருக்கும் மெல்லிய படையை ஒரு சுவர் என்று நினைத்துக்கொள்ளுங்கள். செத்துத் தட்டையாகிப்போன தோல் கலங்கள்தான் கற்கள். கற்களுக்கு நடுவே சாந்து மாதிரி ஒருவகைக் கொழுப்பு இருக்கிறது. செராமைட்டு, கொலஸ்திரோல், கொழுப்பமிலங்கள் மூன்றும் கலந்த கலவை அது. இந்தச் சுவருக்கு இரண்டு வேலை. உள்ளே இருக்கும் தண்ணீரை வெளியே போகவிடாமல் பிடித்து வைப்பது ஒன்று. வெளியே இருக்கும் கிருமி, அழுக்கு, இரசாயனம் எல்லாவற்றையும் உள்ளே விடாமல் தடுப்பது மற்றது.

பெரியவர்களுக்கு இந்தச் சுவர் கட்டி முடிந்து, பூசி, காய்ந்து நிற்கிறது. பிறந்த பிள்ளைக்கு வேலை இன்னும் நடக்கிறது. பச்சைப் பிள்ளைகளின் மேற்படை பெரியவர்களுடையதை விட ஏறக்குறைய 30 சதவீதம் மெல்லியது என்று அளந்து பார்த்திருக்கிறார்கள். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளைக்கு அதைவிட மெல்லியது. அப்படிப்பட்ட பிள்ளைகள் விஷயத்தில் நான் இங்கே சொல்வதை விட, வார்டில் தாதியும் வைத்தியரும் சொல்லி அனுப்பியதையே பின்பற்றுங்கள்.

இன்னொன்று, புளிப்பு. பெரியவர்களின் தோல் மேலே மெல்லிய அமிலத் தன்மை உண்டு, பி.எச். அளவு 5ஐ ஒட்டி இருக்கும். (பி.எச். என்பது புளிப்பை அளக்கும் எண்; அது குறையக் குறையப் புளிப்புக் கூடும், சுத்தமான தண்ணீருக்கு 7.) கெட்ட கிருமிகளுக்கு அந்தப் புளிப்பு ஒத்துவராது. சாந்தைச் செய்யும் நொதியங்களுக்கும் அந்தப் புளிப்பு வேண்டும். பிள்ளை பிறக்கும்போது தோலின் பி.எச். தண்ணீருக்குக் கிட்ட, 6.5, 7 என்ற அளவில் இருக்கிறது. அப்புறம் சில கிழமைகளில் மெல்ல மெல்ல இறங்கி வருகிறது. அந்தச் சில கிழமைகளில்தான் நாங்கள் எல்லாரும் சவர்க்காரத்தோடும் பவுடரோடும் போய் நிற்கிறோம்.

மூன்றாவது விஷயம் ஒரு கணக்கு. 3 கிலோ பிள்ளையின் தோலை விரித்து அளந்தால் ஏறக்குறைய 0.2 சதுர மீற்றர் வரும். 60 கிலோ பெரியவருக்கு 1.7 சதுர மீற்றர் அளவு. பெரியவருக்குத்தானே கூட என்று தோன்றும். ஒரு கிலோ உடம்புக்கு எவ்வளவு தோல் என்று வகுத்துப் பாருங்கள். பிள்ளைக்கு இரண்டு மடங்குக்கும் மேல் வருகிறது. தோல் வழியாக உள்ளே போகும் எந்த மருந்தும், எந்த வாசனையும் அந்தச் சின்ன உடம்பில் அந்த அளவுக்குக் கூடுதலாகச் சேரும்.

ஆகவே எதைக் கையில் எடுத்தாலும் மூன்று கேள்வி கேட்டுப் பாருங்கள். இது சாந்தைக் கரைக்குமா? இது சுவரை ஊறவைக்குமா? இது சுவரைத் தாண்டி உள்ளே போகுமா?

குளிப்பாட்டும் நேரம்

பிறந்தவுடன் பிள்ளையின் உடம்பில் வெண்ணெய் மாதிரி ஒரு வெள்ளைப் பூச்சு இருக்கும். அதை ஊத்தை என்று நினைத்துத் தேய்த்துக் கழுவுவார்கள். அது ஊத்தை இல்லை. ஏறக்குறைய 80 சதவீதம் தண்ணீர், மீதி கொழுப்பும் புரதமும். கர்ப்பத் தண்ணீரில் கிடந்த தோலைக் காத்தது அதுதான். பிறந்த பிறகும் தோலை ஈரமாக வைத்து, கிருமியோடும் சண்டை பிடிக்கிறது. உலக சுகாதார ஸ்தாபனம் முதல் குளியலை 24 மணி நேரமாவது பிந்திப் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். குளிரில் பிள்ளையின் உடல் சூடு இறங்கிவிடும் என்பது மற்றக் காரணம்.

வீட்டுக்கு வந்த பிறகு? குளிர் நாடுகளில் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் குளிக்க வார்த்தால் போதும் என்று எழுதுகிறார்கள். கொழும்புப் புழுக்கத்தில் அதை அப்படியே எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. பங்குனி, சித்திரையில் பகலில் 31, 32 பாகை, இரவிலும் 25ஐ ஒட்டித்தான் நிற்கும், காற்றில் ஈரம் வேறு. தினமும் குளிக்க வார்க்கலாம். ஆனால் ஐந்து நிமிஷம், வெறும் தண்ணீர். பேசினில் முதலில் பச்சைத் தண்ணீரை ஊற்றி, அப்புறம் சுடுதண்ணீரைக் கலவுங்கள். சுடுதண்ணீரை முதலில் ஊற்றி வைத்துவிட்டு நடுவில் ஃபோன் எடுக்கப் போன வீடுகளில் நடந்ததைக் கேட்டிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடும் தெரியக்கூடாது, குளிரும் தெரியக்கூடாது. 37 பாகை அதுதான்.

சவர்க்காரம் சாந்தைக் கரைக்கிற பொருள். எண்ணெய்ப் பிசுக்கைக் கரைப்பதுதானே அதன் வேலை? தோலின் கொழுப்பு எது, வெளியிலிருந்து ஒட்டிய பிசுக்கு எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. பெட்டியில் 'பேபி' என்று எழுதியிருந்தாலும் கட்டிச் சவர்க்காரம் பெரும்பாலும் பி.எச். 9, 10 என்ற காரப் பக்கத்தில்தான் நிற்கும். முதல் மாதத்துக்கு வெறும் தண்ணீரே போதும். பிறகு வேண்டுமென்றால் வாசனை இல்லாத மென்மையான திரவக் கழுவி ஒன்றை, கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, குண்டிப் பக்கம் ஆகிய இடங்களுக்கு மட்டும்.

இதை அம்மாவிடம் சொன்னபோது, "சவர்க்காரம் போட்டாத்தானே பிள்ளை ஊத்தை போகும்?" என்றார். யாழ்ப்பாணத்திலிருந்து பத்தியம் பார்க்க வந்தவர். அவர் குளிக்க வார்ப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சவர்க்காரக் கட்டியை உள்ளங்கையில் ஏழெட்டுத் தரம் உருட்டி, பிள்ளையின் முதுகில் தடவினார். நுரை பொங்கி முழங்கை வரைக்கும் வந்துவிட்டது. அவரே திகைத்துப் போனார். அப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. ஊரில் சுண்ணாம்புக் கல்லுக்குக் கீழே ஊறும் கிணற்றுத் தண்ணீர், வன்மையான தண்ணீர். அதில் நாலு தரம் உருட்டினாலும் நுரை வராது. கேத்தல் அடியில் வெள்ளையாகப் படிகிற தண்ணீர் அது. கொழும்புக் குழாயில் வருவது லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் களனி கங்கையிலிருந்தும் வரும் மழைத் தண்ணீர், மென்மையானது. ஒரு தடவலுக்கே நுரை வரும், எவ்வளவு ஊற்றினாலும் வழுவழுப்புப் போகாது. ஊர்க் கை அளவை இங்கே கொண்டுவந்தால் பிள்ளையின் தோலில் ஏறுவது பல மடங்கு சவர்க்காரம். அம்மா அதற்குப் பிறகு எதுவும் கேட்கவில்லை. அடுத்த நாள் கட்டியைத் தொடவே இல்லை.

பயற்றம் மா, கடலை மா தேய்ப்பதைப் பற்றியும் கேட்பார்கள். சவர்க்காரத்தின் காரம் அதில் இல்லை, உண்மைதான். ஆனால் மாவின் குறுணி மெல்லிய தோலை உரசும், மடிப்புகளில் தங்கிப் புளித்துப்போகும். ஆறு மாதத்துக்கு முன் வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். மஞ்சளும் அப்படியே. மயிர் வளராது, நிறம் வெளுக்கும் என்ற நம்பிக்கையில்தான் பூசுகிறார்கள். பிள்ளையின் நிறம் பிள்ளைக்கு உரியது. அதை மாற்றவேண்டும் என்ற எண்ணமே வீட்டுக்குள் வரக்கூடாது என்று நினைப்பவள் நான்.

குளியல் தண்ணீரில் கிருமிநாசினித் திரவம் இரண்டு சொட்டு விடும் பழக்கமும் வேண்டாம். தோலில் குடியேறவேண்டிய நல்ல கிருமிகளும் உண்டு.

துவட்டும்போது தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். இதற்குப் பழைய வேட்டித் துணி மாதிரி வேறொன்றும் இல்லை. எல்லாருக்கும் மறந்துபோகிற இடங்கள் மூன்று: காதுக்குப் பின்பக்கம், கழுத்தின் அடி மடிப்பு, உள்ளங்கை. பிள்ளை கையைப் பொத்தியே வைத்திருக்கும், விரித்துப் பார்த்தால் உள்ளே நூலும் பாலும் சேர்ந்து நாறும்.

எண்ணெய்

எண்ணெய் பூசித் தடவிவிடுவது எங்கள் பழக்கங்களில் நல்லதொன்று. அம்மாவின் கை, அம்மம்மாவின் கை மேலே படுவதே பிள்ளைக்கு மருந்து. எந்த எண்ணெய் என்பதில்தான் கவனம் வேண்டும். ஒலிவ் எண்ணெய் உயர்ந்தது என்று வெளிநாட்டிலிருந்து போத்தல் போத்தலாக வருகிறது. அதில் மிகுந்திருப்பது ஒலெயிக் அமிலம். அந்த அமிலம் சாந்தின் அடுக்கைக் குலைக்கிறது என்று ஆய்வுகளில் கண்டிருக்கிறார்கள். கடுகெண்ணெய் எரிச்சலூட்டும். எங்கள் தேங்காய் எண்ணெயில் பாதியளவு லோரிக் அமிலம், ஒலெயிக் அமிலம் குறைவு. ஆகவே தேங்காய் எண்ணெயை மெல்லிசாக, குளிப்பதற்கு முன் பூசித் தடவலாம். முதல் தரம் முன்கையில் ஒரு காசளவு இடத்தில் மட்டும் பூசி ஒரு நாள் பாருங்கள். வேர்க்குரு போட்டிருக்கும் நாட்களில் வேண்டாம்.

மூக்குக்குள்ளும் காதுக்குள்ளும் எண்ணெய் விடுவது மட்டும் கூடவே கூடாது. மூக்கில் விட்ட எண்ணெய் நெஞ்சுக்குள் இறங்கி நுரையீரலில் தங்கிச் சளிக்காய்ச்சலாக மாறலாம்.

தினமும் லோஷன் பூசினால் பிற்காலத்தில் எக்சிமா, அதாவது தோல் வறண்டு சிவந்து அரிக்கும் நோய், வராது என்று விளம்பரங்களில் கேட்டிருப்பீர்கள். பிரித்தானியாவில் ஒவ்வாமைப் பரம்பரை உள்ள 1394 பச்சைப் பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு வருஷம் தினமும் பூசிய பிள்ளைகளில் இரண்டு வயதில் எக்சிமா இருந்தது 23 சதவீதத்தினருக்கு. அப்படிப் பூசாத பிள்ளைகளில் 25. கிட்டத்தட்ட ஒன்றேதான். எக்சிமா வந்துவிட்ட பிள்ளைக்கு ஈரப்பதக் கிரீம் கட்டாயம் தேவை, அது வேறு விஷயம். ஒரு குறையும் இல்லாத பிள்ளைக்கு தினமும் லோஷன் தேவையில்லை.

ஊறிய சுவர்: வேர்க்குருவும் நெப்பியும்

பிறந்த பிள்ளையின் வேர்வைக் குழாய்கள் இன்னும் முழுதாக முதிர்ச்சி அடைந்திருக்காது. சூட்டில் தோல் ஊறி அந்தக் குழாய் வாய்கள் அடைபட்டால் வேர்வை தோலுக்கு உள்ளேயே தங்கிவிடும். அதுதான் வேர்க்குரு. தங்கச்சியின் பிள்ளையின் கழுத்தில் இருந்தது அதேதான். மருந்து என்று ஒன்றுமே இல்லை, வெளிக்காற்றுத்தான் மருந்து. தொப்பியும் மேஸும் கையுறையும் கழன்றன. மெல்லிய பருத்திச் சட்டை ஒன்று மட்டும். ஃபேன் சுழலலாம், முகத்துக்கு நேரே அடிக்காமல் இருந்தால் போதும். ஏசி உள்ள வீடென்றால் 26, 27இல் வையுங்கள். இரண்டாம் நாள் சிவப்பு மங்கியது, நாலாம் நாள் இல்லை.

"குளிருமே பிள்ளைக்கு?" என்ற பயம் எல்லா வீட்டிலும் உண்டு. கையும் காலும் தொட்டுப் பார்த்தால் பிள்ளைகள் எப்போதும் குளிர்ந்துதான் இருப்பார்கள். பிடரியிலோ நெஞ்சிலோ கையை வையுங்கள். அங்கே கதகதப்பாக இருந்தால் குளிரவில்லை. ஈரமாக இருந்தால் ஒரு துணியைக் குறைக்கவேண்டும்.

பவுடர் போட்டால் வேர்க்குரு போகும் என்று நினைப்பது தவறு. வேர்வையோடு சேர்ந்து அது மடிப்பில் களிமண் மாதிரிக் கட்டிக்கொள்ளும். அதைவிடப் பெரிய ஆபத்து, தூவும்போது பறக்கும் துகளைப் பிள்ளை மூச்சோடு இழுப்பது. பல பவுடர்களில் இருக்கும் டல்க் என்ற கல் மாவின் துகள் நுரையீரலில் போனால் எளிதில் வெளியே வராது. டல்க் பவுடரால் புற்றுநோய் வரலாம் என்ற வழக்குகளும் நடந்து, ஜோன்சன் அன்ட் ஜோன்சன் நிறுவனம் 2023இல் டல்க் கலந்த பேபி பவுடர் விற்பதை உலகம் முழுவதும் நிறுத்தியது. அந்த விவாதம் ஒருபக்கம் இருக்கட்டும். மூச்சுக்குள் போகும் ஆபத்து ஒன்றே எனக்குப் போதும். பிள்ளைக்குப் பவுடரால் ஆகும் நன்மை ஒன்றும் இல்லை.

நெப்பிப் புண்ணுக்கு வருவோம். மூத்திரமும் மலமும் கலந்தால் தோலின் பி.எச். ஏறும். ஏறினால் மலத்தில் உள்ள செரிமான நொதியங்கள் விழித்துக்கொள்ளும். பாலைச் செரிக்க வைத்த அதே நொதியங்கள், ஊறிப்போன சுவரைச் செரிக்கத் தொடங்கும். முலைப்பால் மட்டும் குடிக்கிற பிள்ளையின் மலம் புளிப்புக் கூடியது, அதனால் அவர்களுக்கு இது குறைவு.

பம்பர்ஸ் நல்லதா, துணி நெப்பி நல்லதா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். இரண்டும் சரி. எவ்வளவு நேரம் ஈரம் தோலில் படுகிறது என்பதே கணக்கு. பம்பர்ஸ் விலை ஏறிய காலத்திலிருந்து ஒன்றை இரவு முழுக்க வைத்திருக்கும் வீடுகளை நான் அறிவேன். குறை சொல்லவில்லை, கையில் காசு இருந்தால்தானே. அப்படியென்றால் பகலில் துணி நெப்பியைக் கட்டி அடிக்கடி மாற்றுங்கள், பம்பர்ஸை இரவுக்கும் வெளியே போகும் நேரத்துக்கும் வையுங்கள். மலம் போனவுடன் மாற்றவேண்டும், இதில் தவணை இல்லை. வெட் டிஷூ இருந்தால் வாசனை இல்லாதது. இல்லாவிட்டால் பஞ்சும் வெறும் தண்ணீரும் அதைவிட நல்லது. ஒவ்வொரு தரமும் காற்றோட்டமாகக் கொஞ்ச நேரம் விட்டு வையுங்கள். இறப்பர் விரிப்பொன்றின் மேல் துணியைப் போட்டு, பத்து நிமிஷம் நெப்பி இல்லாமல் கிடத்தினால் எந்தக் கிரீமும் செய்யாததை அது செய்யும். சிவக்கத் தொடங்கினால் சிங்க் ஒக்சைட் கிரீமையோ சாதாரண வசலீனையோ தடிப்பாகப் பூசுங்கள். அது தோலுக்கு மேலே இன்னொரு சுவர். அடுத்த தரம் மாற்றும்போது அதைச் சுரண்டி எடுக்கத் தேவையில்லை, அழுக்கானதை மட்டும் துடைத்து மேலே பூசினால் சரி.

இங்கே ஓர் அடையாளம் தெரிந்து வைத்திருங்கள். சாதாரண நெப்பிப் புண், நெப்பி ஒட்டி உரசும் மேடான இடங்களில்தான் சிவக்கும், மடிப்பின் உள்ளே நன்றாக இருக்கும். மடிப்பின் உள்ளேயும் கடுஞ்சிவப்பாகி, ஓரத்தில் தனித்தனிச் சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் பங்கசு, அதாவது பூஞ்சைத் தொற்று. மூன்று நாளில் குறையாத எந்த நெப்பிப் புண்ணையும் கிளினிக்கில் காட்டவேண்டும். பங்கசுக்குத் தனி மருந்து உண்டு.

சுவரைத் தாண்டுபவை

பாமசியில் நின்ற காலத்தில் என்னை அதிகம் வருத்தியது இதுதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குப் பூசின ட்யூபின் வெற்று உறையைக் கொண்டுவந்து, "இதே கிரீம் ஒண்டு தாங்கோ" என்பார்கள். திருப்பிப் பார்த்தால் கடும் ஸ்டெரோயிட், பங்கசு மருந்து, அன்டிபயோடிக் மூன்றும் ஒன்றாகக் கலந்தது. இரண்டு நாளில் சிவப்பு மறையும், அதனால் எல்லாருக்கும் பிடிக்கும். மெல்லிய தோல், நெப்பியால் மூடிய இடம், உடம்புக்கு மிஞ்சிய தோல் பரப்பு. ஸ்டெரோயிட் உள்ளே போவதற்கு இதைவிட வசதி வேறு இல்லை. தோல் இன்னும் மெல்லிசாகும், கூடுதலாக உறிஞ்சினால் பிள்ளையின் வளர்ச்சியையே பாதிக்கும். வைத்தியர் ஸ்டெரோயிட் எழுதித் தந்தால் பயப்படவேண்டாம், எக்சிமாவுக்கு அது சரியான மருந்து. இத்தனை நாள், இந்த இடம் என்று அவர் சொல்வது போலப் பூசுங்கள். அடுத்த வீட்டு ட்யூப் மட்டும் வேண்டாம்.

கொலோன். குளித்தவுடன் கொலோன் போடாத பிள்ளை கொழும்பில் குறைவு, அந்த வாசனைதான் எங்களுக்கெல்லாம் 'பேபி வாசனை' என்று மனதில் பதிந்துவிட்டது. உள்ளே இருப்பது பெரும்பாலும் மதுசாரமும் வாசனைத் திரவியமும். மதுசாரம் சாந்தைக் கரைக்கும், வாசனைத் திரவியம் ஒவ்வாமை தரும். தங்கச்சிக்கு வந்த மூன்று போத்தலையும் குளியலறை யன்னலில் வைக்கச் சொன்னேன். பிள்ளைக்கு இயல்பாகவே ஒரு வாசம் உண்டு, உச்சியில் மூக்கை வைத்துப் பாருங்கள்.

அடுத்தது பலரும் கேள்விப்படாதது, அதனால் அழுத்திச் சொல்கிறேன். மூத்த பிள்ளையின் சின்னச் சட்டைகளை அலுமாரியில் அந்துருண்டை போட்டுக் கட்டி வைத்திருப்போம். அந்துருண்டையில் உள்ள நப்தலீன் துணியில் ஏறி, அதிலிருந்து பிள்ளையின் தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும் உள்ளே போகும். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான செங்கமாரியைக் கொண்டுவரும். உங்கள் பிள்ளைக்கு அந்தக் குறை இருக்கிறதா என்று வெளியே பார்த்துத் தெரியாது. ஆகவே அந்துருண்டை வாசம் ஏறிய துணி பச்சைப் பிள்ளைக்கு வேண்டாம். வேறு துணி இல்லை என்றால் பல நாள் வெயிலிலும் காற்றிலும் போட்டு, துவைத்து, வாசம் துளியும் இல்லை என்று தெரிந்த பிறகே எடுங்கள்.

கற்பூரம் கலந்த தைலமும் பாமும் இரண்டு வயதுக்குள் வேண்டாம். கண்ணுக்கு மையும் வேண்டாம், சிலவற்றில் ஈயம் இருக்கிறது. நாவூறு பட்டுவிடும் என்று பெரியவர்கள் கவலைப்பட்டால், கறுப்புப் பொட்டை உள்ளங்காலில் வைக்கலாம் என்று அம்மாவோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தோம். பிள்ளை காலைப் பிடித்து வாயில் வைக்கும் வயது வரும்வரை அது செல்லும். தாய் பூசும் கிரீமையும் யோசியுங்கள். முகத்தை வெளுக்க வைக்கும் கிரீம்கள் சிலவற்றில் பாதரசம் உண்டு, பிள்ளையின் கன்னம் எந்நேரமும் உங்கள் கன்னத்தில்தானே.

தொப்புள் கொடிக்கு ஒன்றும் போடவேண்டாம். சாம்பல், வசம்புக் கரி, எண்ணெய், ஸ்பிரிட் எதுவும் இல்லை. காய விடுங்கள், நெப்பியைத் தொப்புளுக்குக் கீழே மடித்துக் கட்டுங்கள். ஒன்று இரண்டு கிழமையில் தானாக விழும்.

நுளம்புக்கு வலைதான் முதல் காவல். டெங்கு உள்ள ஊரில் பகலிலும் வலை வேண்டும். டீட் கலந்த நுளம்புக் கிரீம் இரண்டு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பூசக்கூடாது.

சும்மா விடவேண்டியவை, விடக்கூடாதவை

முதல் மாதத்தில் தோலில் என்னென்னவோ வரும், போகும். மூக்கில் வெள்ளைப் புள்ளிகள். இரண்டு மூன்று நாளில் உடம்பெல்லாம் நுளம்பு கடித்த மாதிரிச் சிவந்த திட்டுகள், மாதம் நிறைந்து பிறந்த பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு இது வரும். கை கால் தோல் உரிவது. இடுப்பிலும் பின்பக்கத்திலும் நீலத் திட்டு, அடிபட்ட காயம் இல்லை, எங்கள் நிறத்துப் பிள்ளைகளுக்குச் சாதாரணம், சில வருஷங்களில் மங்கும். தலையில் மஞ்சள் பொருக்கு, எண்ணெய் தடவிப் பதினைந்து நிமிஷம் விட்டு மெல்லிய பிரஷால் வாரிக் கழுவினால் போகும், நகத்தால் கிள்ளவேண்டாம். பிறந்தவுடன் இடது தோளில் போட்ட, காசநோயைத் தடுக்கும் பி.சி.ஜி. ஊசி இடம் சில கிழமைகள் கழித்து வீங்கி, சில நேரம் சிறு புண்ணாகி, மெல்ல ஆறித் தழும்பாகும். அதற்கும் ஒன்றும் பூசக்கூடாது, பிதுக்கக்கூடாது. இவை எதற்கும் ஒரு ரூபாய் செலவழிக்கத் தேவையில்லை. சந்தேகம் என்றால் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடம் கேளுங்கள், கேட்கத்தானே வருகிறார்.

செங்கமாரி அப்படியில்லை. முதல் கிழமையில் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு இலேசான மஞ்சள் வரும், தானாகவும் போகும். ஆனால் பிறந்து 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் தெரிந்தாலோ, வயிறு, கால் என்று கீழே இறங்கினாலோ, பிள்ளை பால் குடிக்காமல் தூங்கி விழுந்தாலோ அன்றைக்கே காட்டவேண்டும். மிஞ்சினால் மூளையைத் தாக்கும். எங்கள் நிறத்தில் மஞ்சள் சட்டென்று தெரியாது. பிள்ளையைப் பகல் வெளிச்சத்தில் யன்னலுக்குப் பக்கம் கொண்டுபோய், மூக்கு நுனியை விரலால் அழுத்தி எடுத்துப் பாருங்கள். முரசையும் கண் வெள்ளையையும் பாருங்கள். காலை வெயிலில் பிடித்தால் சரியாகிவிடும் என்று நாட்களைக் கடத்தவேண்டாம். வைத்தியசாலையில் வைக்கும் நீல விளக்கின் வேலையை வெயில் செய்யாது.

தண்ணீர் நிறைந்த கொப்புளங்கள் முதல் மாதத்தில் வந்தால் ஒரு நாளும் பொறுக்கக்கூடாது. உதட்டில் கொப்புளம் போட்டிருப்பவர் பிள்ளையைக் கொஞ்சினால் அந்த வைரசு பிள்ளைக்குத் தொற்றி உயிருக்கே உலை வைக்கும். புது வருஷத்துக்கு வரும் சொந்தக்காரர் என்றாலும், "கொஞ்சாமல் தூரத்தில் நின்று பாருங்கோ" என்று சொல்லத் தயங்காதீர்கள். கோபித்தால் கோபிக்கட்டும். தொப்புளைச் சுற்றிச் சிவப்புப் பரவினாலும், கண்ணாடிக் கிளாஸை வைத்து அழுத்தியும் மறையாத சிவப்பு, ஊதாப் புள்ளிகள் வந்தாலும், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகைக் காய்ச்சல் வந்தாலும் அதே அவசரம். பொரளையில் லேடி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இரவு பகலாகத் திறந்திருக்கிறது. ஓட்டோ தேடி நிற்கவேண்டாம். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் வரும், காசு கிடையாது. தங்கச்சி வீட்டில் அந்த இலக்கம் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. பக்கத்திலேயே பிள்ளையின் கிளினிக் கொப்பி தொங்குகிறது.